ஸ்பிக்னியேவ் ரெலிகா: அந்த போட்டோவுக்கு முன்னும் பின்னும்

அந்த போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிடும். ஆபரேஷன் தியேட்டர். நடுவில் ஒரு நோயாளி, சுற்றிலும் ஒயரும் குழாயும் சிக்கலாகக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு டாக்டர் உட்கார்ந்து மானிட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு களைப்பு. பின்னால் ஒரு மூலையில் உதவியாளர் ஒருவர் சுவரில் சாய்ந்து தூங்குகிறார். கீழே வழக்கமான வரிகள். 23 மணி நேர உழைப்பு, டாக்டர் கடவுளுக்குச் சமம், பத்து பேருக்கு அனுப்பவும்.

ஃபார்வர்டில் வருகிற பெரும்பாலான விஷயங்கள் புளுகு என்பதால் இதையும் ஒருநாள் சந்தேகத்தோடுதான் தேட ஆரம்பித்தேன். ஆச்சரியம், இது உண்மை. நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகைக்காக ஜேம்ஸ் ஸ்டான்ஃபீல்ட் 1987ல் போலந்தில் எடுத்த படம். டாக்டரின் பெயர் ஸ்பிக்னியேவ் ரெலிகா. தூங்குகிறவரும் டாக்டர்தான், பெயர் ரோமுவால்ட் சிகோன். படுத்திருக்கும் நோயாளி தாதெயுஷ் ஷிட்கியேவிச். அறுபதைத் தாண்டிய அவருக்குப் புது இதயம் வைத்து முடித்த பிறகு, அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் ரெலிகா. ஷிட்கியேவிச் அதற்குப் பிறகு 30 வருஷம் இருந்தார். 2017ல்தான் இறந்தார். ரெலிகா அவருக்கு எட்டு வருஷம் முன்னாலேயே போய்விட்டார்.

ஃபார்வர்ட் இதோடு நின்றுவிடும். அவர் செனட்டர் ஆனது, ஜனாதிபதி தேர்தலில் நிற்கப் போனது, சுகாதார அமைச்சர் ஆனது எதுவும் அதில் வராது. அவர் அமைச்சராக இருந்த நேரத்திலேயே அவருடைய நாட்டில் உறுப்பு தானம் படுத்துவிட்டது என்பதும் வராது. எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. ஏன் என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் என் ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தன் பைக் விபத்தில் மாட்டினான். மூன்றாம் நாள் மூளைச்சாவு என்று சொல்லி, உறுப்பு தானம் பற்றிக் கேட்டார்கள். குடும்பத்தில் இன்ஜினியர் நான்தானே, "நீ பேசு, நீ விளக்கு" என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். பெரியப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கை சூடா இருக்கேடா. நிஜமாவே போயிட்டானா, இல்ல இவங்களுக்கு வேணும்னு சொல்றாங்களா?" டாக்டர் விளக்கின எல்லாவற்றையும் நான் திரும்ப விளக்கினேன். அவர் கேட்டது மருத்துவக் கேள்வியே இல்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை. வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ரெலிகாவின் கதையைப் படித்தபோதுதான் பெரியப்பாவின் கேள்வி திரும்ப ஞாபகம் வந்தது.

சரி, கதைக்கு வருவோம்.

ரெலிகா பிறந்தது 1938 டிசம்பரில், வார்சாவுக்கு மேற்கே இருக்கும் ஒரு கிராமத்தில். வார்சாவில் மருத்துவம் படித்து 1963ல் வெளியே வந்தார். 1970களில் நியூயார்க்கிலும் டெட்ராய்ட்டிலும் பயிற்சி. ரத்தக்குழாய் அறுவை சிகிச்சையில் ஆரம்பித்து இதயத்துக்கு வந்தவர். கம்யூனிஸ்ட் போலந்திலிருந்து அமெரிக்கா போன ஒருவர் அங்கேயே தங்கிவிட நிறைய காரணம் இருந்த காலம் அது. அவர் திரும்பி வந்தார்.

இதய மாற்று என்ற துறையே அப்போது எந்த நிலைமையில் இருந்தது என்று கொஞ்சம் சொல்லணும். 1967 டிசம்பர் 3, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் மாற்று இதயத்தை வைத்தார். நோயாளி 18 நாள் இருந்தார். உடனே உலகம் பூராவும் ஒரு ஜுரம் மாதிரி பரவியது. மும்பையில் பி. கே. சென் 1968 பிப்ரவரியிலேயே செய்து பார்த்தார், நோயாளி சில மணி நேரத்தில் இறந்துவிட்டார். போலந்தில் வூச் நகரத்தில் (ஆங்கில எழுத்தில் பார்த்தால் லாட்ஸ் என்று படிக்கத் தோன்றும், அவர்கள் வூச் என்கிறார்கள்) யான் மோல் 1969 ஜனவரியில் செய்தார். அங்கேயும் நோயாளி பிழைக்கவில்லை.

இத்தனைக்கும் தைக்கிற வேலை அவ்வளவு புதிர் கிடையாது. பழைய இதயத்தின் மேல் அறைகளின் பின்சுவரை அப்படியே விட்டுவிட்டு மீதியை எடுப்பார்கள். புது இதயத்தை நாலு இடத்தில் இணைப்பார்கள். இடது மேல் அறை, வலது மேல் அறை, மகாதமனி, நுரையீரல் தமனி. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டின் நார்மன் ஷம்வேயும் அவரது கூட்டாளியும் நாய்களில் செய்து செய்து இந்த முறையை பர்னார்டுக்கு முன்னாலேயே பக்குவப்படுத்தியிருந்தார்கள். நரம்புகளை மட்டும் யாரும் இணைப்பதில்லை. அதனால் மாற்று இதயம் மூளையின் உத்தரவு இல்லாமல் தன்பாட்டுக்கு ஓடும். வேகத்தைக் குறைக்கும் நரம்பு அறுந்துவிட்டதால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 90, 100 என்று துடிக்கும். திடீரென்று பயந்தால் நமக்கு உடனே படபடக்கும் இல்லையா, அவர்களுக்கு அது கொஞ்சம் தாமதமாக, ரத்தத்தில் ஹார்மோன் வந்து சேர்ந்த பிறகுதான் வரும். இதைப் படித்த அன்று நான் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை.

சிக்கல் ஆபரேஷனுக்குப் பிறகுதான். உடம்பு அந்நியப் பொருளைத் தாக்கும். அதை அடக்க மருந்து கொடுத்தால் தொற்றுநோய் வந்து ஆளைக் கொண்டுபோகும். 1970கள் முழுக்க ஷம்வே மாதிரி ஒரு சிலரைத் தவிர மற்றவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்த சைக்ளோஸ்போரின் என்ற மருந்து 1980களின் ஆரம்பத்தில் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

இன்னொரு சிக்கல் மரணத்தின் வரையறை. இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்தால்தான் பயன்படும். வெளியே எடுத்த பிறகு ஏறத்தாழ நாலு மணி நேரத்துக்குள் அடுத்தவர் நெஞ்சில் அது ஓடணும். அப்படியென்றால் இதயம் துடிக்கும் ஒருவரை இறந்தவர் என்று அறிவிக்க மருத்துவத்துக்கு அதிகாரம் வேணும். போலந்தில் மூளைச்சாவுக்கான மருத்துவ அளவுகோல்கள் 1984ல் வந்தன. இந்தியாவில் அதற்கான சட்டமே 1994ல்தான் வந்தது, அதே ஆண்டு ஆகஸ்டில்தான் டெல்லி எய்ம்ஸில் வேணுகோபால் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்றைச் செய்தார். இதெல்லாம் தற்செயல் இல்லை. கத்தி எப்போதும் தயாராகத்தான் இருந்தது, காகிதத்துக்குத்தான் காத்திருந்தார்கள்.

அந்த 1984லேயே ரெலிகா வார்சாவை விட்டுக் கிளம்பி ஸாப்ஷே என்ற ஊருக்குப் போனார். நிலக்கரிச் சுரங்க ஊர். தலைநகரத்தின் பெரிய மருத்துவமனைகளில் மூத்த பேராசிரியர்களைத் தாண்டி இப்படி ஒரு காரியத்தைச் செய்யமுடியாது என்பதால், யாரும் ஆசைப்படாத ஒரு இடத்தில் தன் சொந்தக் குழுவைக் கட்டினார். எல்லாம் இளம் டாக்டர்கள். 1985 நவம்பர் 5ஆம் தேதி அங்கே ஒரு நோயாளிக்கு இதயம் மாற்றினார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நோயாளி சில நாட்களே இருந்தார்.

போலந்து வரலாற்றில் இதைத்தான் முதல் வெற்றி என்று எழுதுகிறார்கள். எனக்கு இந்த "வெற்றி" என்ற வார்த்தை கொஞ்சம் உறுத்தியது. நோயாளி இறந்துபோனார், அடுத்தடுத்து வந்தவர்களிலும் இழப்புகள் இருந்தன. ஆனால் யோசித்துப் பார்த்தால், இதே ஸ்டேஜில்தான் 1969ல் போலந்து நிறுத்தியது. ரெலிகா நிறுத்தவில்லை. இறந்துபோனவரின் வீட்டுக்காரர்களிடம் போய்ச் சொல்லணும், மறுவாரம் இன்னொரு குடும்பத்திடம் போய் "உங்க பையனோட இதயத்தைக் கொடுங்க" என்று கேட்கணும். அந்த இரண்டையும் செய்துகொண்டே இரண்டு வருஷம் ஓட்டியதன் பலன்தான் 1987ன் அந்த போட்டோ. ரெலிகாவின் இந்த வருஷங்களை 2014ல் 'போகோவியே' (கடவுளர்கள் என்று அர்த்தம்) என்று படமாக எடுத்தார்கள். இயக்கம் வூகாஷ் பால்கோவ்ஸ்கி, ரெலிகாவாக தொமாஷ் கோட். படம் முழுக்க மனிதர் சிகரெட் பிடித்துக்கொண்டே இருப்பார். அது சினிமா மிகை இல்லை, நிஜத்திலும் அப்படித்தான்.

1991ல் அவர் ஸாப்ஷேயில் இதய அறுவை சிகிச்சை வளர்ச்சிக்காக ஒரு அறக்கட்டளையை ஆரம்பித்தார். செயற்கை இதய பம்ப், இதய வால்வு இதற்கெல்லாம் போலந்திலேயே ஆராய்ச்சி செய்யும் இடமாக அது வளர்ந்தது. எந்த நேரத்திலும் இதயம் பற்றாக்குறைதான் என்று தெரிந்தவர் இயந்திரத்தை யோசிப்பது இயல்பு. இதைப் பற்றி தனியாக எழுதவே விஷயம் இருக்கிறது, இங்கே தாண்டிப் போகிறேன்.

அரசியலுக்கு வந்தது 1993ல். கம்யூனிஸ்ட் ஆட்சி போய், வலேசா ஜனாதிபதியாக இருந்த காலம். வலேசாவுக்கு ஆதரவான அணியிலிருந்து செனட்டுக்குப் போனார், 1997 வரை இருந்தார். 2001லிருந்து 2005 வரை மறுபடியும் செனட்டர். நடுவில் கட்டோவிட்ஸேயில் மருத்துவக் கல்விக்கூடத்தின் ரெக்டர் பதவி வேறு. 2005ல் ஜனாதிபதி தேர்தலில் நிற்பதாக அறிவித்தார். ஆரம்பக் கருத்துக்கணிப்புகளில் அவர் பெயர்தான் மேலே இருந்தது. அரசியல்வாதி இல்லாத அரசியல்வாதிக்கு எல்லா ஊரிலும் ஒரு மவுசு உண்டு. போகப் போக சரிந்தது. செப்டம்பர் ஆரம்பத்தில் விலகிக்கொண்டு டொனால்ட் டஸ்க்குக்கு ஆதரவு என்றார். டஸ்க் தோற்றார், லெஹ் காச்சின்ஸ்கி ஜெயித்தார். அடுத்த சில நாளில், காச்சின்ஸ்கி தரப்புக் கட்சியின் அரசாங்கத்தில் ரெலிகா சுகாதார அமைச்சர்!

நம்ம ஊர் அரசியலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இருக்காது. அவர் தரப்பில் யோசித்தால், யார் ஆட்சியில் இருந்தாலும் மருத்துவமனைகளைச் சரிசெய்ய ஒரு நாற்காலி கிடைக்கிறது, உட்காருவோம் என்றுதான் நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான்.

அமைச்சராக அவர் காலம் சுகமாக இல்லை. சம்பளம் போதவில்லை என்று டாக்டர்கள் ஸ்ட்ரைக். 2007 ஜூனில் நர்ஸுகள் வார்சாவில் பிரதமர் அலுவலகத்துக்கு எதிரே கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள், நாலு வாரம் போல. அதற்கு "வெள்ளை ஊர்" என்றே பெயர் வந்தது. அவர் கொண்டுவந்த ஒரு சட்டம் மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு ஆகும் சிகிச்சைச் செலவை வாகனக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கணும் என்று, கட்டாய வாகனக் காப்பீட்டு பிரீமியத்தில் 12 சதவீதத்தை சுகாதார நிதிக்குத் திருப்பிவிட்டார். 2007 அக்டோபரில் அமலுக்கு வந்தது. மக்கள் அதை "ரெலிகா வரி" என்று திட்டினார்கள். அடுத்து வந்த அரசு 2009 தொடக்கத்தோடு அதை எடுத்துவிட்டது.

இனி அந்த பிப்ரவரி.

2007 பிப்ரவரியில் வார்சாவில் ஒரு பெரிய மருத்துவமனையின் இதய அறுவை சிகிச்சைத் தலைவரை ஊழல் தடுப்புப் பிரிவு கைது செய்தது. பத்திரிகைகள் அவரை "டாக்டர் ஜி" என்று எழுதின, நானும் அப்படியே விடுகிறேன். லஞ்சம் வாங்கினார் என்பது புகார், கூடவே ஒரு நோயாளியின் மரணத்துக்காகக் கொலைக் குற்றச்சாட்டும். கைவிலங்கு போட்டு அழைத்துப் போகும் காட்சி டிவியில் ஓடியது. நீதி அமைச்சர் ஸ்பிக்னியேவ் ஸ்யோப்ரோ (இவரும் ஒரு ஸ்பிக்னியேவ்தான்) பிரஸ் மீட் வைத்து, இனிமேல் இந்த ஆளால் யாருடைய உயிரும் பறிபோகாது என்ற அர்த்தத்தில் பேசினார். வழக்கு விசாரணைக்கே வரவில்லை அப்போது.

அந்த ஒரு வாக்கியம் என்ன செய்தது என்று பாருங்க. மக்களுக்குக் காதில் விழுந்தது இதுதான்: உறுப்பு மாற்று செய்யும் ஒரு டாக்டர், கொலை, அமைச்சரே சொல்கிறார். தானம் செய்யும் குடும்பங்கள் தயங்கின. தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர்களும் மூளைச்சாவு என்று அறிவித்து வம்பில் மாட்டுவானேன் என்று ஒதுங்கினார்கள். 2006ஐ விட 2007ல் போலந்தில் இறந்தவர்களிடமிருந்து கிடைத்த உறுப்பு தானங்கள் கால்வாசிக்கும் மேல் குறைந்தன. பழைய நிலைமைக்கு வர சில வருஷங்கள் ஆயின. இடையில் காத்திருந்து இறந்தவர்களின் பெயரை எந்தக் குற்றப்பத்திரிகையிலும் சேர்க்க முடியாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. போலந்தில் சட்டப்படி ஒருவர் உயிரோடு இருக்கும்போது மறுப்பு பதிவு செய்யாவிட்டால், சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளலாம். 1995லிருந்து அதுதான் சட்டம். மறுப்பவர்களுக்கென்று ஒரு பதிவேடு இருக்கிறது. பேப்பரில் பார்த்தால் பிரஸ் மீட்டால் எதுவும் குறைந்திருக்கவே கூடாது. இன்ஜினியர் புத்திக்கு இது மிகச் சுத்தமான டிசைன், டீஃபால்ட் ஆன் என்று வைத்துவிட்டோம், முடிந்தது. ஆனால் வார்டில் எந்த டாக்டரும் அழுதுகொண்டிருக்கும் அம்மாவிடம் சட்டப் பிரிவைக் காட்டி எடுத்துப் போவதில்லை. கேட்கிறார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்கள். ஆக மொத்த அமைப்பும் கடைசியில் என் பெரியப்பா கேட்ட கேள்வியில்தான் நிற்கிறது. இவங்களை நம்பலாமா?

டாக்டர் ஜி மேலான கொலைக் குற்றச்சாட்டு பின்னால் கைவிடப்பட்டது. லஞ்ச வழக்கில் 2013ல் தண்டனை வந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஸ்யோப்ரோ அந்த டாக்டரிடம் மன்னிப்புக் கேட்கணும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

இப்போது ரெலிகாவை நினைத்துப் பாருங்க. 1985லிருந்து ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டுக் கேட்டுக் கட்டின விஷயம். அதே அமைச்சரவையில், பக்கத்து நாற்காலிக்காரர் ஒரே நாளில் அதை உடைக்கிறார். ரெலிகா ராஜினாமா செய்யவில்லை. 2007 நவம்பரில் அந்த அரசு முடியும் வரை அமைச்சராகவே இருந்தார். அக்டோபர் தேர்தலில் அதே கட்சிப் பட்டியலில் நின்று கீழ்சபைக்கும் போனார்.

அவர் விலகியிருக்கணும் என்றுதான் நான் முதலில் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பத்தியை மூன்று தடவை மாற்றிவிட்டேன். அமைச்சர் பதவி போனால் வரி, மருத்துவமனை, நர்ஸ் சம்பளம் எதிலும் அவருக்குப் பிடி இருந்திருக்காது, உண்மை. ஆனால் போலந்தில் இந்த விஷயத்தில் ஜனங்கள் நம்பக்கூடிய ஒரு முகம் என்றால் அது ரெலிகாவின் முகம்தான். அந்த முகம் மார்ச் மாதமே அரசாங்கத்துக்கு வெளியே வந்து நின்று, குடும்பங்களிடம் நேராகப் பேசியிருந்தால் சில நூறு பேருக்காவது அது பயன்பட்டிருக்கும் என்று இன்னமும் நினைக்கிறேன். சர்ஜனுக்கு நோயாளி தோற்றால் தெரிந்துவிடும், மானிட்டர் சொல்லிவிடும். மந்திரிக்கு அப்படி மானிட்டர் எதுவும் கிடையாது. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினால் எழுதுங்க, நான் இதில் பிடிவாதமாக இல்லை.

ஒன்றையும் சேர்த்துக்கொள்ளணும். அந்த 2007லேயே அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. மறைக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். அத்தனை வருஷ சிகரெட். ஆபரேஷன் செய்துகொண்டு வேலைக்குத் திரும்பினார். 2009 மார்ச் 8ஆம் தேதி, 70 வயதில், வார்சாவில் இறந்தார். கத்தோலிக்க மதம் ஊறிப்போன நாட்டில், பழமைவாதக் கட்சியின் அமைச்சரவையில் இருந்தவர், தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டே போனார். வாட்ஸ்அப்பில் அவரைக் கடவுள் என்று அனுப்புகிறவர்களுக்கு இது தெரியாது.

ஸாப்ஷேயில் அவருடைய குழுவில் இருந்த இளைஞர்களில் ஒருவர் மரியன் ஸெம்பாலா. ரெலிகாவுக்குப் பிறகு அந்த மையத்தை நடத்தியவர், நுரையீரல் மாற்றில் போலந்தின் முன்னோடி. 2015ல் அவரும் சுகாதார அமைச்சர் ஆனார், சில மாதங்கள் மட்டும், அதுவும் எதிர் முகாமின் அரசாங்கத்தில். ஒரே ஆபரேஷன் தியேட்டரிலிருந்து இரண்டு அமைச்சர்கள். அவரைப் பற்றிக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது தனிப் பதிவாக எழுதுகிறேன்.